பழைய மோட்டார் வண்டியின் அடிச்சட்டத்தில் இறுகிய ரிவெட்டு ஆணிகளைக் கழற்றும் முறை

ஏர், கலப்பை, கட்டை வண்டி, கவலைச் சால் ஆகியவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்திருந்தால் போதும் என்றிருந்த காலம் போய்விட்டது. இன்று குடியானவர் வீட்டுக் கொட்டகையில் ஜீப்பு, டிராக்டர், டிரெயிலர், பழைய லாரி முதலியனவும் இடம் பெற்றுள்ளன. சில பழைய குடும்பங்களில், பாட்டனார் ஓட்டிய மோட்டார் கார் ஒன்றும் வைக்கோற்போருக்கு அருகே கீற்றுக் கொட்டகையில் துருவேறிக் கிடப்பதுண்டு. இவ்வண்டிகளைச் சீர்செய்ய முற்படுவோர் யாவரும் ஒரு கட்டத்தில் தடைப்பட்டு நிற்பது அடிச்சட்டத்திலுள்ள ரிவெட்டு ஆணிகளின் முன்னேயாகும். மரையாணியானால் திருப்புளியால் திருகி எடுத்துவிடலாம். ரிவெட்டு ஆணிக்கோ மரையும் இல்லை, திருகும் வழியும் இல்லை. எனவே பொறுமையிழந்து, ஆணியோடு சட்டத்தையும் கெடுத்துக்கொள்வோர் பலர். இந்நஷ்டத்தைத் தவிர்க்கும் முறையை நேரில் கண்டபடி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோபாலபுரத்தில் கண்டது

சென்னைக்கு வரும் விவசாய அன்பர்கள் பலர் கதீட்ரல் சாலையிலுள்ள செம்மொழிப் பூங்காவைப் பார்த்திருப்பார்கள். தோட்டக்கலைத் துறையின் அப்பூங்கா 2010-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அச்சாலைக்கு வடக்கே, முன்னாளில் லாயிட்ஸ் சாலை எனப்பட்ட அவ்வை சண்முகம் சாலை வரையில் பரந்துள்ள பகுதியே கோபாலபுரம். அங்கே ஒரு பழைய வீட்டின் பின்கட்டில், 1930-ஆம் வருஷத்திய ஃபோர்டு 'ஏ' மாதிரிக் கார் ஒன்றின் அடிச்சட்டம், பாடியும் எஞ்சினும் நீக்கப்பட்டு, நான்கு முட்டுகளின்மேல் நிறுத்தப்பட்டிருந்தது.

இக்காரின் வரலாறு கேட்கத்தக்கது. இதன் முன் குறுக்குச் சட்டம் தொய்ந்து போயிருந்தது. சில வருஷங்களுக்கு முன் வீட்டுப் பெரியவர் வண்டியை ஒரு பட்டறைக்கு அனுப்பினார். அங்கே வேலை சீக்கிரம் முடியவேண்டுமென்று, காஸ் சுடரைக் கொண்டு இரண்டு ரிவெட்டு ஆணிகளை வெட்டியெடுத்தார்கள். ஆணிகள் போயின, அவற்றோடு துளைகளின் வட்டமும் போயிற்று. ஒரு துளை முட்டை வடிவமாக நீண்டது. மற்றொன்றின் விளிம்பு உருகி வழிந்தது. பக்கச் சட்டத்தின் தகடு வெப்பத்தால் சற்றே உட்குழிந்தது. பெரியவர் மனம் நொந்து, வேலையை அத்துடன் நிறுத்தி, வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். பல வருஷங்கள் அது அப்படியே கிடந்தது.

நான் சென்றிருந்த சமயம், கொல்லுப் பட்டறையில் பயின்ற முதிய மேஸ்திரி ஒருவர் எஞ்சிய ஆணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். "எத்தனை நாள் ஆகும், மேஸ்திரி?" என்று பெரியவர் கேட்டதற்கு, "ஐயா, ஆணி போனால் வேறு ஆணி அடித்துக்கொள்ளலாம். சட்டம் போனால் வண்டியே போயிற்று. நாளைக் கணக்குப் பார்க்காதீர்கள்" என்று அவர் விடையளித்தார். இவ்வேலையின் சாரம் முழுவதும் அவ்விடையில் அடங்கியிருக்கிறது. தியாகம் செய்யவேண்டியது ஆணியை; காப்பாற்றவேண்டியது சட்டத்தை. பின்வரும் முறைகள் யாவும் இவ்வொரு கொள்கையினின்றே பிறந்தவை.

ரிவெட்டு ஆணியின் தன்மை

ரிவெட்டு என்பது ஒரு புறம் தலையும் மறுபுறம் வெறுந் தண்டும் உள்ள குட்டையான இரும்பாணி. இதனைத் தறையாணி என்றும் கூறுவர். இரண்டு தகடுகளின் துளைகளை நேராக்கி, ஆணியைச் செலுத்தி, வெளியே நீளும் தண்டின் நுனியை அடித்தோ அழுத்தியோ இரண்டாவது தலையாக்கிவிடுவார்கள். அவ்வாறு அழுத்தும்போது தண்டு பருத்துத் துளை முழுவதையும் நிரப்பிவிடுகிறது. இதனால் தகடுகள் இம்மியும் அசையா.

ஆணியைப் பழுக்கக் காய்ச்சி அடித்தால் மற்றொரு நன்மையும் உண்டு. ஆறும்போது ஆணி சுருங்கி, இரண்டு தகடுகளையும் ஒன்றோடொன்று நெருக்கிப் பிடிக்கும். வண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டை போடுவதை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. பட்டையைச் சுற்றிலும் எருமுட்டை அடுக்கிக் காய்ச்சி, சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றியவுடன் அது சுருங்கி மரத்தை எவ்விதம் இறுக்குகின்றதோ, அவ்விதமே ரிவெட்டும் தகடுகளை இறுக்குகின்றது. கவலை இறைப்புக்கு உதவிய இரும்புச் சாலின் தகடுகளும் ரிவெட்டினாலேயே இணைக்கப்பட்டவை. 1889-ல் கட்டி முடிக்கப்பட்ட பாரிஸ் நகரத்து ஈபெல் கோபுரத்தில் 25 லட்சம் ரிவெட்டுகள் உள்ளன. 1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலமும், 1943-ல் திறக்கப்பட்ட கல்கத்தா ஹௌரா பாலமும் இம்முறையில் அமைந்தவையே.

மோட்டார் வண்டிக்கு ரிவெட்டைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மேடு பள்ளத்தில் ஓடும் வண்டியின் அடிச்சட்டம் ஓயாது முறுக்குண்டு நிமிர்கிறது. அக்காலத்துப் பற்றவைப்பு அம்முறுக்கலில் விண்டு போகக்கூடும். மரையாணியோ நாளடைவில் தளரும். ரிவெட்டு இவ்விரு குறையும் இன்றிப் பல்லாண்டு உழைக்கும். ஆதலாலேயே கனரக லாரிகளின் அடிச்சட்டங்களில் ரிவெட்டு இன்றளவும் வழங்கி வருகின்றது.

எவ்வண்டிகளில் உண்டு?

எல்லாக் கார்களிலும் தனி அடிச்சட்டம் உண்டென்று எண்ணலாகாது. 2014 வரையில் நம் நாட்டில் உற்பத்தியான அம்பாஸடர் காருக்குத் தனிச் சட்டம் கிடையாது. அதன் தகட்டுக் கூடே சட்டமாகவும் அமைந்தது. ஆனால் 1908 முதல் 1927 வரை செய்யப்பட்ட ஃபோர்டு 'டி' மாதிரி, 1927 முதல் 1931 வரை 48 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட 'ஏ' மாதிரி, யுத்த காலத்து வில்லிஸ் ஜீப்பு, அதனைப் பின்பற்றி 1947 முதல் பம்பாயில் மஹீந்திரா கம்பெனியார் சேர்த்தளித்த ஜீப்புகள், பெரும்பாலான லாரிகள் ஆகியவை ரிவெட்டு அடித்த சட்டமுடையவை. ஆகவே கிராமத்து ஜீப்பையும் பழைய லாரியையும் வைத்திருப்போருக்கும் இம்முறைகள் பொருந்தும்.

ஃபோர்டு 'ஏ' மாதிரியில் இரண்டு பக்கச் சட்டங்களும் மூன்று குறுக்குச் சட்டங்களும் உண்டு. இதன் ஸ்பிரிங்குப் பட்டைகள் வண்டியின் நீளவாக்கில் அமையாமல், முன்னும் பின்னும் குறுக்காகக் குறுக்குச் சட்டத்தின் கீழ் அமைந்துள்ளன. வண்டியின் முன்பாரம் முழுதும் முன் குறுக்குச் சட்டத்தின் நடுவில் இறங்குவதால், வருஷக்கணக்கில் அது தொய்கின்றது. கைப்பிடியால் எஞ்சினைச் சுழற்றும் துளை எஞ்சினின் அச்சுக்கு நேராக வராமற்போவது இதன் அறிகுறி. தொய்ந்த சட்டத்தை மாற்றவேண்டுமானால் அதனைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளைக் கழற்றியே தீரவேண்டும். கோபாலபுரத்தில் நடந்தது இவ்வேலையே.

கழற்றுவது அவசியந்தானா?

முதலில் ஆராயவேண்டியது இதுவே. உறுதியாயுள்ள ரிவெட்டைக் காரணமின்றித் தொடலாகாது. ஆணித் தலையின் ஒரு பக்கத்தில் விரலை வைத்து, மறு பக்கத்தைச் சிறு சுத்தியால் தட்டிப் பார்க்க. உறுதியான ஆணி கணீரென்று ஒலிக்கும். விரலில் அசைவு தோன்றாது. தளர்ந்த ஆணி மந்தமாக ஒலிப்பதோடு விரலுக்கு அதிர்வையும் தரும். தலையைச் சுற்றிச் செந்நிறத் துரு கசிந்து கோடாக வடிந்திருப்பின், அவ்வாணி உள்ளே அசைந்து தேய்ந்து வருகிறதென்று அறியலாம்.

(1) தளர்ந்த ஆணிகள், (2) மாற்றவேண்டிய குறுக்குச் சட்டத்தையோ தாங்கியையோ பிடித்திருக்கும் ஆணிகள், (3) இரு தகடுகளுக்கிடையே துரு வளர்ந்து தகட்டைப் பிதுக்கியுள்ள இடத்து ஆணிகள் ஆகிய மூவகையை மாத்திரமே கழற்றுதல் தகும். துரு தான் தின்ற இரும்பைவிட இரு மடங்குக்கு மேலும் இடத்தை அடைக்கும் இயல்புடையது. எனவே தகடுகளைப் பிளக்கும் ஆப்பைப்போல வேலை செய்யும். உப்புக் காற்று வீசும் சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் இக்கேடு அதிகம். உர மூட்டைகளுக்கருகே நிறுத்தப்படும் வண்டிகளுக்கும் இது நேரும்.

முன்னேற்பாடுகள்

பெட்ரோல் டாங்கியையும் குழாய்களையும் முதலில் அகற்றி, வண்டியினின்று தொலைவில் வைக்க. தீப்பொறி பறக்கும் வேலையாதலால் இது தவறலாகாது. ஒரு வாளி மணலும் ஒரு வாளித் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல், எண்ணெய் தீப்பற்றினால் மணலையே போடவேண்டும். தண்ணீர் தீயைப் பரப்பிவிடும். பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருப்பதுண்டு. அத்தூளைச் சுவாசிப்பது கேடு விளைக்கும். ஆகையால் முகமூடியின்றித் தேய்க்கலாகாது. சிறுவர்களை அருகில் விடலாகாது. கண்ணாடி அணியாமல் உளியையோ கிரைண்டரையோ எடுத்தலும் கூடாது.

ஸ்பிரிங்குப் பட்டைகளில் அடங்கியுள்ள விசை மிகப் பெரிது. அதற்குரிய அகட்டும் கருவியால் இறுக்கத்தைத் தளர்த்தி, ஸ்பிரிங்கை முறைப்படி நீக்கிய பின்னரே குறுக்குச் சட்டத்தின் ஆணிகளில் கைவைக்க வேண்டும். இதனைப் பழக்கமுள்ளவரைக்கொண்டே செய்விப்பது நலம்.

அடுத்து, சட்டத்தைச் சமதளத்தில் நான்கு முட்டுகளின் மேல் நிறுத்தி, நீர்மட்டம் பார்க்க. சட்டத்தின் நான்கு மூலைகளிலும் ஒத்த இடங்களினின்று தூக்குக்குண்டு விட்டு, சிமெண்டுத் தரையில் புள்ளியிட்டு, எதிர்மூலைகளுக்கிடையே உள்ள தூரங்களை அளக்க. இரு குறுக்களவுகளும் சமமாயிருந்தால் சட்டம் கோணாமலிருக்கிறதென்பது நிச்சயம். இவ்வளவுகளைக் குறித்து வைத்துக்கொள்வது அவசியம். ஆணிகளைக் கழற்றிய பின் சட்டம் எவ்வாறு இருந்ததென்று சொல்ல இதைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

எல்லா ஆணிகளையும் ஒரே சமயத்தில் கழற்றலாகாது. ஓரிணைப்பில் ஓர் ஆணியை எடுத்ததும், அத்துளையில் பொருத்தமான மரையாணி ஒன்றை இட்டு இறுக்கிவிட்டு, பிறகே அடுத்த ஆணிக்குச் செல்லவேண்டும்.

கழற்றும் கிரமம்

கார்ச் சட்டங்களில் காணும் ஆணிகள் பெரும்பாலும் கால் அங்குலத்துக்கு மேலும் அரை அங்குலத்துக்குள்ளும் விட்டமுடையவை. 3/8 அங்குல ஆணியை உதாரணமாகக் கொண்டு கிரமத்தைக் கூறுவோம்.

1. துருவையும் வர்ணத்தையும் கம்பித் தூரிகையால் அகற்றி, இரு தலைகளையும் நன்கு பார்க்க. ஒரு தலை வடிவாகவும், மற்றது சற்று ஒருபுறம் சாய்ந்தும் இருக்கும். வடிவானதே ஆலையில் செய்த தலை. அதன் நடுவும் தண்டின் நடுவும் ஒன்றாயிருக்குமாதலால், இடம் கொடுக்குமானால் அப்புறமிருந்தே வேலையைத் தொடங்கவேண்டும்.

2. கிரைண்டரால் தலையின் மேற்பாதியைத் தட்டையாகத் தேய்க்க. தகட்டை நெருங்குமுன் நிறுத்திவிட வேண்டும். தகட்டில் ஒரு கீறல் விழுந்தாலும் பிற்காலத்தில் அங்கிருந்தே வெடிப்புத் தொடங்கும். கிரைண்டர் இல்லாதவர்கள் அரத்தால் இதனைச் செய்யலாம். தாமதமாகுமே தவிரக் கெடுதல் இல்லை.

3. தட்டையான முகத்தின் சரிநடுவைக் கண்டு, கூர்முனைப் பஞ்சினால் ஆழமான புள்ளி அடிக்க. தலையின் அகலம் தண்டின் விட்டத்தில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் பங்கு இருக்கும். இக்கணக்கை நினைவிற்கொண்டால் தண்டு எங்கே உள்ளதென்று ஊகிக்கலாம். இப்புள்ளி தவறினால் மற்ற யாவும் தவறும்.

4. முதலில் 1/8 அங்குல டிரில் பிட்டினால் நேராகத் துளைக்க. பிட்டு ஒருபுறம் விலகுவதாகக் கண்டால் உடனே நிறுத்தி, மறுபடி புள்ளியிட்டு நேராக்குக. வேகத்தைக் குறைத்து, எண்ணெய் விட்டு, சீராக அழுத்தித் துளைப்பதே முறை. பின்னர் 1/4 அங்குலப் பிட்டினால் துளையைப் பெருக்குக. தலையின் ஆழம் வரையில் துளைத்தால் இப்போதைக்குப் போதும்.

5. தலையின் ஓரத்தில் வெட்டிரும்பை வைத்து, சாய்வாகச் சம்மட்டியால் அடிக்க. நடு குடையப்பட்ட தலை வளையமாகப் பிய்ந்து வந்துவிடும். உளியின் சாய்ந்த முகம் தலையை நோக்கியும், தட்டையான முகம் தகட்டையொட்டியும் இருக்கவேண்டும்; மாறி வைத்தால் முனை தகட்டில் பதியும்.

6. இனி மறுபுறத்தில் தகட்டுக்கு முட்டுக் கொடுக்க. ஆணித் தலை நுழையக்கூடிய துளையுள்ள கனத்த இரும்புத் துண்டை அங்கே அழுத்திப் பிடிக்க ஒருவர் வேண்டும். முட்டின்றி அடித்தால் அடியின் வேகம் தகட்டை வளைக்குமே தவிர ஆணியைத் தள்ளாது. பிறகு தண்டைவிடச் சற்றே மெலிந்த, முனை தட்டையான பஞ்சை வைத்து, கனத்த சம்மட்டியால் திடமாக இரண்டு மூன்று அடி கொடுக்க. சிறு சுத்தியால் பலமுறை தட்டுவது தவறு. அது தண்டின் நுனியை மேலும் பருக்கச் செய்து ஆணியை இறுக்கிவிடும்.

பத்து ஆணிகளில் ஆறேழு இவ்வளவிலேயே விழுந்துவிடுவதைக் கண்டேன். எஞ்சியவையே பிடிவாதக்காரர்கள்.

இணங்காத ஆணிகள்

ஆணி இணங்காமைக்கு மூன்று காரணங்கள் உண்டு. காரணத்தையறிந்தே பரிகாரம் செய்யவேண்டும்.

முதலாவது, துளை முழுவதும் தண்டு பருத்து நிரம்பியிருத்தல். இது துருவன்று, எனவே எண்ணெய் ஊற்றி இரவு முழுதும் ஊறவைப்பதால் பெரும்பயன் இல்லை. முன் தொடங்கிய 1/4 அங்குலத் துளையைத் தண்டின் முழு நீளத்துக்கும் செலுத்தி, பின்னர் 5/16 அங்குலப் பிட்டினால் பெருக்கினால், சுற்றிலும் 1/32 அங்குலக் கனமுள்ள குழல் மாத்திரமே எஞ்சும். தன்னைத் தாங்க உள்ளே இரும்பில்லாத அக்குழல், பஞ்சின் அடிக்கு உட்பக்கமாகச் சுருங்கி வெளியேறும். துளையின் சுவரைத் தொடாமல் இவ்வாறு குடைந்தெடுப்பதே சட்டத்துக்கு மிகவும் பத்திரமான வழி.

இரண்டாவது, இரு தகடுகளின் துளைகள் ஆதியிலேயே நேராக அமையாமை. அப்போது தண்டு நடுவில் படியாக வளைந்திருக்கும். எவ்வளவு அடித்தாலும் அப்படி தடுக்கும். இதற்கும் குடைதலே மருந்து. ஆனால் ஒரே புறமிருந்து குடைந்தால் பிட்டு அடுத்த தகட்டின் இரும்பைத் தின்னும். ஆகையால் மறுபுறத் தலையையும் நீக்கி, இரு புறமிருந்தும் பாதி பாதி குடையவேண்டும்.

மூன்றாவது, துருப்பிடிப்பு. இதற்கு எண்ணெயும் வெப்பமும் உதவும். தலை நீங்கிய தண்டின் நடுவை மாத்திரம் சிறு காஸ் சுடரால் மங்கிய சிவப்பாகும்வரை காய்ச்சி, தானே ஆற விடுக. சூடேறிய தண்டு விரிய முயலும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விரிய விடாது. எனவே அது தனக்குள்ளேயே நசுங்கி, ஆறும்போது முன்னைவிட மெலிந்து துளையினின்று விடுபடும். துருவும் பொருக்கு விட்டு உதிரும். சுற்றியுள்ள தகட்டில் ஈரத் துணியைச் சுற்றி வைத்தால் வெப்பம் பரவாது. சில உற்பத்தியாளர்கள் பதப்படுத்திய எஃகினால் சட்டம் செய்திருப்பர். அவ்வகைச் சட்டங்களுக்கும், லாரிச் சட்டங்களுக்கும் தீயைக் காட்டவே கூடாது. அவற்றின் பலம் குன்றிவிடும். அங்கே குடைதல் ஒன்றே வழி.

கோபாலபுரத்து மேஸ்திரி ஓர் ஆணியுடன் ஒரு முற்பகல் முழுதும் போராடினார். மூன்று முறை புள்ளியிட்டு, இரு புறமிருந்தும் குடைந்து, இறுதியில் அது மெல்லிய சுருளாக வெளிவந்தது. துளையைத் துடைத்துப் பார்த்தபோது வட்டம் கெடாமல், 1930-ல் ஆலையில் துளைத்தபடியே இருந்தது. பெரியவர் அச்சுருளைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டார்.

காஸ் வெட்டினைப் பற்றி

சென்னையில் புதுப்பேட்டைப் பகுதி, பழைய வண்டிகளைப் பிரித்து விற்பதற்குப் பேர்போனது. அத்தகைய இடங்களில் காஸ் சுடரால் சில நொடிகளில் ரிவெட்டை வெட்டுவதைக் காணலாம். உருக்கப்போகும் இரும்புக்கு அது தக்க முறையே. ஆனால் மறுபடி ஓடவேண்டிய வண்டிக்கு அதனைப் பின்பற்றலாகாது. வெட்டும் சுடர் ஆணி எது, சட்டம் எது என்று பகுத்தறியாது. மிகவும் தேர்ந்த கை தலையை மாத்திரம் வெட்டி, தண்டைப் பஞ்சினால் தள்ளக்கூடும். அத்தேர்ச்சியில்லாதவரிடம் சட்டத்தை ஒப்படைப்பது, களையெடுக்கத் தெரியாதவனை நாற்றங்காலில் இறக்குவதற்கு ஒப்பாகும்.

கழற்றிய பின்

ஒவ்வொரு துளையைச் சுற்றியும் வெடிப்பு உளதா என்று சோதிப்பது இன்றியமையாதது. இதற்கொரு சுலபமான பழைய முறை உண்டு. இடத்தைச் சுத்தம் செய்து, மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் விட்டு, உலரத் துடைத்துவிட்டு, சாக்குக்கட்டித் தூளைப் பூசுக. வெடிப்பிருப்பின் அதனுள் இறங்கிய மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து, வெண்மையில் கறுத்த கோடாகத் தெரியும். நெருப்பு வேலைக்கு முன் இடத்தை நன்றாக உலரவிட வேண்டும்.

தகடுகளுக்கிடையேயுள்ள துருவைச் சுரண்டி, துருத்தடுப்பு வர்ணம் பூசிய பின்னரே மீண்டும் இணைக்கவேண்டும். வெளியே பளபளப்பாக வர்ணம் பூசி, உள்ளே துருவை விட்டுவிடுவது வீண் செலவே.

மீண்டும் ரிவெட்டு அடிப்பதாயின், தண்டின் நீளம் தகடுகளின் மொத்தக் கனத்தோடு விட்டத்தில் ஒன்றரை மடங்கு சேர்ந்ததாக இருக்கவேண்டும். இரு தகடுகளும் சேர்ந்து 8 மில்லிமீட்டர், ஆணியின் விட்டம் 9.5 மில்லிமீட்டர் என்றால், தண்டு ஏறக்குறைய 22 மில்லிமீட்டர் வேண்டும். நீளம் குறைந்தால் தலை முழுமையாகாது. மிகுந்தால் தலை கவிழும். உலையில் ஆரஞ்சு நிறமாகும்வரை, அதாவது ஏறக்குறைய 1000 டிகிரி சென்டிகிரேடு வரை காய்ச்சி, செலுத்தி, ஒருவர் தலையை முட்டு இரும்பால் தாங்க, மற்றவர் நுனியை அடித்து, குழிந்த முகமுள்ள அச்சினால் உருண்டையாக முடிப்பர். சிவப்பு மங்குமுன் வேலை முடியவேண்டும். அடிக்கு முன் தகடுகளை மரையாணிகளால் நெருக்கி இறுக்கியிருக்க வேண்டும். இல்லையேல் ஆணியின் இரும்பு தகடுகளுக்கிடையே பிதுங்கிவிடும்.

ரிவெட்டு அடிப்பவர் கிடைக்காவிடில் மரையாணி இடலாம். ஆனால் சாதாரணக் கடையாணி உதவாது. 8.8 என்று தலையில் பொறிக்கப்பட்ட உயர்ந்த பலமுள்ள ஆணியாகவும், மரையில்லாத தண்டுப்பகுதி இரு தகடுகளையும் கடந்து செல்வதாகவும், துளையில் ஆட்டமின்றித் தட்டி நுழைப்பதாகவும், தானே தளராத நட்டு உடையதாகவும் இருத்தல் வேண்டும். துளை தேய்ந்திருந்தால் ரீமரால் ஒழுங்காக்கி, அடுத்த அளவு ஆணியை இடுவது தகும். இறுதியில் பழைய குறுக்களவுகளை மீண்டும் எடுத்து ஒப்பிடுக.

சட்டத்திலுள்ள எண்ணும் சர்க்கார் விதியும்

ஃபோர்டு 'ஏ' மாதிரியில் எஞ்சினில் பொறித்த எண்ணே அடிச்சட்டத்தின் மேல்முகத்திலும், பாடி மறைக்குமிடத்தில், பொறிக்கப்பட்டது. ஒவ்வொரு வண்டியிலும் அவ்வெண் எங்குள்ளதென்று முதலில் கண்டு, படமெடுத்து, கனத்த துணியால் மூடி வைக்க. கிரைண்டர் ஒருமுறை வழுக்கினால் அவ்வெண் அழியும்; எண்ணழிந்த சட்டத்துக்கு உரிமை நாட்டுவது மிகக் கடினம்.

2021-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய சர்க்கார் புராதன வண்டிகளுக்கென விதிகளை வெளியிட்டனர். முதற் பதிவிலிருந்து 50 வருஷங்களுக்கு மேற்பட்டதும், சொந்த உபயோகத்துக்குரியதும், அடிச்சட்டம், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் மாறுதல் உள்ளிட்ட பெரும் மாற்றமின்றி ஆதி வடிவில் உள்ளதுமான இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளே அவ்விதிப்படி புராதன வண்டிகளாகக் கருதப்படும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாயும், மறுபதிவுக்கு 5,000 ரூபாயும் கட்டணமாக விதிக்கப்பட்டன. ஆகவே சட்டத்தை வெட்டி ஒட்டுதல், பலவந்தமாக வேறு துண்டுகளைப் பற்றவைத்தல் முதலியன வண்டியின் பலத்தை மட்டுமன்று, அதன் தகுதியையும் பாதிக்கக்கூடும். ஆணி ஒன்றைக் கழற்றி அதேபோன்ற ஆணியை அடிப்பது ஆதி வடிவைக் காக்கும் வழி. அதற்கு மேற்பட்ட எவ்வித மாறுதலையும், பதிவு அதிகாரியிடம் கேட்டறிந்த பின்னரே செய்தல் உத்தமம்.

முடிவுரை

1. உறுதியான ஆணியைத் தொடாதீர்கள்.
2. அளவெடுக்காமல் கழற்றாதீர்கள்.
3. ஒவ்வொன்றாகவே கழற்றி, உடனுக்குடன் மரையாணி இடுங்கள்.
4. நடுப்புள்ளியில் சிரத்தை காட்டுங்கள்.
5. இணங்காத ஆணியை அடித்து வெல்ல முயலாமல் குடைந்து வெல்லுங்கள்.
6. மறுபடி ஓடவேண்டிய சட்டத்தில் வெட்டும் சுடரைப் புகவிடாதீர்கள்.

நான் விடைபெற்ற அன்று, முன்பு சுடரால் கெட்ட இரண்டு துளைகள் மாத்திரம் எஞ்சியிருந்தன. மற்றத் துளைகளுக்கு ஆணி இருந்தால் போதும். இவ்விரண்டுக்கும் புதுத் தகடு பொருத்த என்ன வழி, அதற்கு அதிகாரிகளின் அனுமதி எவ்வாறு என்று பெரியவரும் மேஸ்திரியும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். அவசரத்தில் சில நொடிகளில் செய்த வேலைக்குப் பரிகாரம் தேடவே அவர்களுக்கு அவ்வளவு நாள் ஆயிற்று. நமது கொட்டகைகளில் கிடக்கும் பழைய ஜீப்பையும் லாரியையும் பிரிக்கத் தொடங்குமுன், குடியான அன்பர்கள் இதனை நினைவிற்கொள்வார்களாயின் பொருளும் மிஞ்சும், வண்டியும் மிஞ்சும்.